மேற்சொன்ன இலக்கு

ஐஸ் ஆலை உவைஸ் மேசையில் வைத்தபோது
அது பார்சல் சோறுபோல்
பழைய பேப்பரில் சுற்றியிருந்தது.
ஏலத்தில் எடுத்த இரும்புக் குவியலோடு வந்ததாம்.
"குளிர் எந்தப் பக்கத்தால ஒழுகுதெண்டு பாக்கணும் தங்கச்சி,
கரண்ட் பில் கழுத்தை நெரிக்குது."

வெப்பம் பார்க்கும் கமரா.
முன்வில்லை கண்ணாடி அல்ல, ஜேர்மானியம்.
நம் கண்ணுக்குக் கரிச்சட்டியின் அடி;
சூட்டுக்கு மட்டும் திறக்கிற கதவு.

அடித்தகட்டில் தேய்ந்த காப்புரிமை இலக்கம்.
என்.சி. வீதியில் மழை, வேறு ஆளில்லை,
தேடினேன். கிடைத்தது.

உரிமைகோரல் ஒன்று:
ஒரு வில்லையும், மேற்சொன்ன வில்லையின் பின்னே ஓர் உணரியும்,
மேற்சொன்ன உணரியோடு இணைந்த ஒரு சுற்றும் கொண்டு,
இருளிலோ புகையிலோ இலைமறைவிலோ உள்ள,
சூழலைவிடச் சூடான ஓர் இலக்கை,
மேற்சொன்ன இலக்கு அறியாதபடி
என்று போகிறது,
முற்றுப்புள்ளி வரும்வரை
இரண்டு பக்கம் மூச்சைப் பிடித்திருந்தேன்.

படம் மூன்றில் ஒரு கண். இமைமயிர் இல்லை. எண் 14.
அதிலிருந்து ஒரு புள்ளிக்கோடு
பக்கத்தின் மறு ஓரத்தில் நிற்கும் மனிதன்வரை. எண் 22.
அவனுக்கு முகம் வரையவில்லை.
கண்டுபிடித்தவர்கள் மூன்று பேர்,
ஒருவரின் முகவரி செர்ரித் தெரு.

கடைசிப் பக்கத்தில்:
கட்டணம் செலுத்தப்படாமையால் உரிமை வலுவிழந்தது.
யாரோ ஒரு கணக்காளர், இனி லாபமில்லை என்று
பேனாவை மூடியிருக்கிறார்.
ஆவணி மாதத் திகதி.
அதற்கு எட்டு நாள் முன்புதான்
நாங்கள் கொட்டியாரக் குடாவைக் கடந்தோம்.

ஒன்பது பேர். நிலவில்லாத இரவாய்ப் பார்த்து.
பீடியை அணைக்கச் சொன்னார் ஓட்டி கோணாமலை,
இருமலைக்கூடத் துணியில் பொத்தினோம்.
என் மடியில் கண்ணாடி போட்ட பிள்ளையார் படம்.

இருட்டை நாங்கள் போர்த்தியிருந்ததாக நினைத்தோம்.
மலைமேல் இருந்தவனுக்கு
ஒன்பது வெள்ளைப் பிழம்பு,
எல்லோரையும்விட வெள்ளையாய் எஞ்சின்,
நடுவில், என் மடியில், ஒரு கறுத்த சதுரம்.
இந்தச் சூடு கண்ணாடியைக் கடக்காது.
பிள்ளையார் மட்டும் தப்பியிருப்பார்.

அன்று சுடவில்லை.
இருபத்தேழு உரிமைகோரல்களையும் வாசித்தேன்,
விரலைப் பற்றி ஒரு சொல் இல்லை.
கொட்டாவி விட்டானோ,
பற்றரி தீர்ந்ததோ,
எண்ணிப் பார்த்து, ஒன்பதில் இரண்டு
சின்னதென்று கண்டானோ.
அதற்கு யாரும் காப்புரிமை கேட்டதாகத் தெரியவில்லை.

அறுந்த இணைப்பைப் பற்றவைத்தேன்.
அளவு சரிபார்க்க, தெரிந்த சூடு வேண்டும்.
கன்னியாவுக்கு பஸ் ஏறினேன்.

ஏழு கிணறு, ஏழு சாம்பல்.
நூலில் வெப்பமானியைக் கட்டி ஒவ்வொன்றாய் இறக்க,
டிக்கெட் கிழிக்கிறவர் என்னைப்
பைத்தியம் என்றே முடிவுசெய்துவிட்டார்.
வாளியால் மொண்டு ஊற்றிய ஒரு பெண்
தலையிலிருந்து வெள்ளையாகிக்கொண்டே வந்தாள்,
தோள், இடுப்பு, வழிகிற நீர்,
ஈரக் கல்லில் அவள் பாதம்.
விளிம்பில் கையூன்றி எழுந்து போனாள்.
கல்லில் ஐந்து விரல் நின்றது.
எண்ணினேன், பதினொன்றுவரை இருந்தது.
பிறகு வெறும் கல்.

உவைஸிடம் சொன்னேன்:
வடக்கு மூலை, கதவின் கீழ் ரப்பர்,
அதால்தான் போகிறது உங்கள் குளிர்.
"ராவில கடலையும் பாக்கலாமோ?" என்றார்.
பார்க்கலாம் என்றேன்.
கூலி இரண்டாயிரத்து நானூறு.

ரசீதில் பொருள் விபரம் எழுதும் இடத்தில்
"மேற்சொன்ன கமரா" என்று எழுதிவிட்டேன்.
முதற்சொல்லை வெட்டிக் கொடுத்தேன்.