பதினேழாம் எண்

உயிரோடிருந்தால் நிதானமாகத் துடிக்கும்.
ஆறு மணி நேரம் அசையாவிட்டால்
இருமடங்கு வேகம்.
கழுத்துப்பட்டையை அப்படித்தான் செய்திருக்கிறார்கள்,
சாவுக்குத்தான் அவசரம்.

பதினேழு விடியலிலிருந்து அவசரப்படுகிறது.

நொல்பெர்த்தோ முன்னால் ஏறுகிறான்,
ஆன்டெனாவைக் கொடிக்கம்புபோல் உயர்த்தி.
இபாஞேஸ் பள்ளத்தாக்கின் காற்று
வாயிலிருந்தே சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போகும்.
கையால்தான் பேசுகிறோம்:
இடப்பக்கம். மேலே. பொறு.

இந்தச் சரிவில்தான் போன கோடையில்
பட்டை மாட்டினோம் அவளுக்கு.
வெமுல் மான் ஓடாது.
ஆளைக் கண்டால் நின்று பார்க்கும்,
எதையோ கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திருப்பதுபோல.
அதன் குணமும் அதுதான், கேடும் அதுதான்.
நூறு பேசோ நாணயத்தில்
கிரீடம் வைத்து நிற்கிறது.
சில்லறையைக் குலுக்கி நொல்பெர்த்தோ சொல்வான்,
மலையில் இருப்பதைவிட
என் பையில் அதிகம் என்று.

பாறைகளுக்குப் போகும் என்றிருந்தோம்.
ஒலி கீழே திரும்பியது.
லெங்கா மரங்களைக் கடந்து, கம்பிவேலி கடந்து,
ஒரு தகரக் கூரை, அதன் மேல் புகை.

எதெல்மிரா அம்மாள் எதுவும் கேட்கவில்லை.
ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்து
மேசையில் வைத்தாள்.
நேற்றிரவே கழுவிவிட்டாளாம்,
ரத்தத்தோடு கொடுக்க மனம் வரவில்லையாம்.
நாற்பது ஆடு, ஒரு பூமா, ஒற்றைப் பெண்;
நாயைக் கட்டிப்போட்டால் யார் காப்பது?
அதையும் நாங்கள் கேட்காமலே சொன்னாள்.

நாய் அடுப்படியில் படுத்திருந்தது.
பெயர் கபித்தான்.
படிவத்தை எடுத்தேன்.
பால்: பெண். வயது: நான்கு.
காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது
எழுந்து வந்து
என் பூட்ஸ்மேல் மோவாயை வைத்துக்கொண்டது.
எழுதினேன்.

குட்டி இருந்ததே?
பார்க்கவில்லை என்றாள்,
மாத்தே குவளையை நொல்பெர்த்தோவிடம் நீட்டியபடி.
அவன் முதலில் வாங்கவில்லை.
பிறகு வாங்கினான்.
மொத்தம் என்ற வரியில்
முப்பத்தொன்றை அடித்து முப்பது ஆக்கி,
பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.
மேலிடத்துக்குக் கேள்விக்குறி பிடிக்காது.

கிளம்பும்போது பட்டையைக் கையில் எடுத்தேன்.
ரிசீவரில் துடிப்பு
சட்டென்று நிதானமானது.
அசைந்துவிட்டதல்லவா,
இனி உயிர் என்றே கணக்கு.

பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினோம்.
எங்கள் நடைக்குத் தக்கபடி
ஒவ்வொன்றாய், அவசரமில்லாமல்.

பாதி வழியில் நொல்பெர்த்தோ
அதை அணைக்கிற காந்தத்தைக் காட்டி
கையால் கேட்டான்.
ஆற்றைத் தாண்டட்டும் என்று
கையால் சொன்னேன்.