ஜோடியில் ஒன்று

இரண்டாகத்தான் வந்தன, பிரிக்க மனசில்லை என்றார் ஹடேபே.
மாரிட்ஸ்பர்க்கில், கோர்ட்டுக்குப் பின்சந்தில் அவர் கடை:
நாற்காலிமேல் நாற்காலி,
அதன்மேல் ஒரு கண்ணாடி விளக்கு, அதன்மேல் தூசி.
"ஜோடியாக எடுத்தால் ஒன்பதாயிரம் ராண்ட்.
ஒற்றை என்றால் மூவாயிரம்கூடப் பெறாது, அம்மா."
ஒற்றைதான் வேண்டும் என்றேன்.
காரணம் கேட்கவில்லை. நல்ல வியாபாரி.

மெத்தையின் உயரத்தைக் கையால் அளந்து வந்திருந்தேன்:
ஒரு முழமும் அரைச் சாணும்.
மேசை அதைவிடத் தாழ்ந்தால்
தண்ணீருக்கு நீட்டிய கை கிணற்றில் இறங்கும்.
உயர்ந்தால் விடிகாலையில் முழங்கை இடிக்கும்.
கடைத் தரையில் மண்டியிட்டு
மேசைக் காலோரம் என் கையை நட்டுப் பார்த்தேன்.
ஒரு விரல் குறைவு.
போகட்டும்.

மேல்பலகை மஞ்சள்மரம், கால்கள் ஸ்டிங்க்வுட் என்றார்.
பேரே நாறுகிறதே?
"வெட்டும்போது நாறும். காய்ந்தபின்
மூக்கைத் தேய்த்தாலும் ஒன்றும் வராது."
மூக்கை வைத்தே பார்த்தேன்.
மெழுகு வாசனை, கொஞ்சம் எலி.

பலகையில் ஒரு வெள்ளை வளையம்,
யாரோ எப்போதோ சூட்டோடு வைத்த கோப்பை.
"இரண்டு நாள் கொடுங்கள், தேய்த்து எடுத்துவிடுகிறேன்."
வேண்டாம், இருக்கட்டும்.
வீட்டுக்கு வந்ததும் என் டீக் கோப்பையை
அந்த வளையத்தில் பொருத்திப் பார்த்தேன்.
அவர்கள் பெரிய கோப்பைக்காரர்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவநாயகி வந்தாள். என் நாத்தனார்.
முன்னாள் என்று சேர்க்க வேண்டும்,
இருவருக்கும் இன்னும் பழகவில்லை.
மூன்று பொருள்தான் வைக்கணும் என்றாள்:
ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று உயிரோடு.
விளக்கைச் சுவரோரம் தள்ளினாள்,
புத்தகங்களைக் கிடத்தினாள்,
தன் வீட்டுப் பெரணியை என் பித்தளைச் செம்பில் செருகினாள்,
இரண்டடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கினாள்.
"அந்தப் பக்கம்தான் வெறிச்சுன்னு இருக்கு."
சொன்னபின் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கட்டிலின் அந்தப் பக்கத்தைச் சுவரோடு தள்ளினோம்,
இரண்டு பேரும், ஒரே மூச்சில்.
அடியிலிருந்து அவள் அண்ணனுடைய ஒரு காலுறை வந்தது.
அதுவும் ஒற்றை.
சிரித்துச் சிரித்து தவநாயகிக்கு விக்கல்.

எட்டு மணிக்கு கரண்ட் போயிற்று.
அலங்காரம் இருட்டில் நிற்காது.
ஒரு மாதத்தில் பெரணி சமையலறை ஜன்னலுக்குப் போய்விட்டது,
புத்தகங்கள் தரைக்கு.
சார்ஜ் விளக்கு வந்தது, பச்சை பிளாஸ்டிக்,
பிரஷர் மாத்திரை, மூக்குக்கண்ணாடி,
மீட்டர் எண் கிறுக்கிய சீட்டு,
பாதி கடித்த ரஸ்க்.
விளக்கில்லாமலே கைக்கு எல்லாம் தெரியும்,
எதைத் தாண்டி எது என்று.
அந்த ஒரு விரல் குறைவும்.

மழைக்காலத்தில் இழுப்பறை உப்பிக்கொள்ளும், திறக்காது.
பிப்ரவரியில் தீர்ப்பு நகலை அதற்குள்தான்
முட்டியால் அழுத்தி மூடியிருந்தேன்.
நானும் கேட்கவில்லை, அதுவும் தரவில்லை.
ஜூன் மாதம், உதடு வெடிக்கிற குளிரில்,
வேறெதற்கோ கை வைத்தேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.
நீதிமன்ற முத்திரையோடு ஒட்டிக் கிடந்தது
ஹடேபேயின் ரசீது.
ரசீதைத்தான் முதலில் படித்தேன். அடியில் போன் நம்பர்.

இன்னொன்று விற்றுவிட்டதா?
"எங்கே விற்க? ஒற்றையை யார் வாங்குகிறார்கள்,
உங்களைத் தவிர?"
அவருக்குப் பின்னால் ஏதோ கொதித்து விசிலடித்தது.
"இருங்கள், கெட்டிலை இறக்கிவிட்டு வருகிறேன்.
இப்போதெல்லாம் அந்த மேசைமேல்தான் வைக்கிறேன்."

அடியில் ஒரு துணியாவது போடுங்கள் என்று சொல்ல
வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.