இடைவெளிக்கான காரணம்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் தோளை ஒட்டி
பேக்கரி மாடியில் எங்கள் அலுவலகம்.
லாரி போனால் கீபோர்டு அதிரும்.
வெளிநாடு படிக்கப் போகிறவர்களின் கடிதங்களை
ஏழு வருடமாக நான்தான் அடிக்கிறேன்.
'சிறுவயது முதலே' என்று தொடங்கும் கோப்பு ஒன்று
எப்போதும் திறந்திருக்கும்.
இந்த சீசனில் மட்டும்
நாற்பத்தொரு பேருக்கு ஒரே சிறுவயது.

ஷைபின் வந்த அன்று மழை.
கவருக்குள் கவர், அதற்குள் சான்றிதழ்கள்.
அயர்லாந்து, உணவுப் பதப்படுத்தல், முதுநிலை.
கல்லூரி முடித்து பதின்மூன்று மாதம் காலி.
"குளச்சல்ல ஐஸ் பிளான்ட்ல நின்னேன்க்கா.
பாரை ஒடச்சு மெஷின்ல போடணும், ராத்திரி ஷிப்ட்."
கோல்டு செயின் மேனேஜ்மெண்ட் என்று அடித்தேன்.
வாசித்துக் காட்டியதும் சிரித்துவிட்டான்.
"எங்க வீட்டு கோல்டு செயின் அடகுல இருக்குக்கா."

ஜஸ்டஸ் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
அன்பாகத்தான் சொன்னார்.
"ஒரு அரியர் கெடக்கு, மார்க்கும் கொறவு.
நீ கடற்கரைப் பையன்.
ஒக்கியில அப்பா போனாருன்னு ஒரு பத்தி போதும்.
எவன் அங்கயிருந்து எண்ணிப் பாக்க வரப்போறான்?"

அவர் சொல்லி முடிக்கும் முன்பே
அந்தப் பத்தியை நான் மனதில் எழுதிவிட்டேன்.
நன்றாகவே வந்திருந்தது.

"அப்பா அன்னைக்கு வள்ளத்துல ஏறல்ல சார், பனியாக்கும்.
அவருக்குப் பதிலா ஏறினது சில்வதாசன் மாமா.
மாமாவுக்க மவ இப்ப பன்னிரண்டு படிக்கா.
நாளைக்கு அவளும் இந்தப் படி ஏறி வருவா.
அந்தப் பத்தி அவளுக்குள்ளது."

சார் மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார்.
பிறகு, "பப்ஸ் சூடா இருக்கான்னு கேளு" என்று
யாரிடமோ சொல்லிவிட்டு எழுந்து போனார்.

குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம்.
நம்மிடம் எழுத ஒன்றுமில்லாததால்
எல்லோருக்கும் அப்பா பெயரைத்தான் போடுவோம்.
மரிய ஜெபமாலை, என்று அடித்தேன்.
செலவை ஏற்பவர்: மரிய ஜெபமாலை.
தொழில்?
"வலை தைக்காரு.
அதுக்குப் பொறவு கடலுக்குப் போகவே இல்ல."
மீனவர் என்று அடித்திருந்ததை
ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

இடைவெளிக்கான காரணம், முந்நூறு எழுத்துக்குள்.
ஐஸ் ஆலையில் இரவு வேலை. மாதம் பதினோராயிரம்.
அந்தக் காசில் அரியர் எழுதித் தேறினேன்.
இன்னும் இருநூறு எழுத்துக்கு இடமிருந்தது.
அவன் போனில் எதையோ தேடினான்.
"பதின்மூணு மாசம் இல்லக்கா,
பன்னிரண்டும் ஒன்பது நாளும். மாத்திரலாமா?"
மாற்றினேன்.

முடிவு இன்னும் வரவில்லை.
வராமலும் போகலாம்.

என் பயோடேட்டாவில் இரண்டு வருட அனுபவம் இருக்கிறது,
இரணியலில் ஒரு கம்பெனி.
அப்படி ஒரு கம்பெனி இல்லை.
அந்த இரண்டு வருடமும் வீட்டில்
முந்திரிப் பருப்புக்குத் தோல் உரித்தேன்.

மறுநாள் காலையிலேயே நாற்பத்திமூன்றாவது ஆள் வந்துவிட்டாள்,
அபிஜா, கனடா, உளவியல்.
கோப்பை மூடிவிட்டுக் கேட்டேன்:
சின்ன வயசுல நெசமா என்ன ஆகணும்னு இருந்த?
பதறிப்போய்க் கதவைப் பார்த்தாள்.
"அதையா எழுதணும்?"
லாரி ஒன்று போனது.
அதிர்வு அடங்கட்டும் என்று
விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.