திரும்பிய தடம்

பத்து ஃபிரிங்கி ஹோட்டலில்
ஒன்பது வருடம் வரவேற்பு மேசை.
'வாங்க' என்பதற்குச் சம்பளம்.
இப்போது தெலுக் பஹாங்கில், வனப்பூங்கா வாசலில்
'போதும்' என்பதற்குச் சம்பளம்,
எண்ணூறு வெள்ளி குறைவாக.

உள்ளங்கையில் எண்ணும் கருவி.
ஒரு தலைக்கு ஒரு சொடுக்கு.
இருநூறோடு நிறுத்த வேண்டும்.

சனிக்கிழமை, இருநூற்று ஒன்றாவதாக
சிரம்பானிலிருந்து வேன் பிடித்து வந்தவர்
"நம்ம பிள்ளைதானே நீ,
ஒரு ஆள்தானே கூட" என்றார்.
அவருக்குப் பின்னால் பதினாறு பேர்.
எல்லாருமே
அந்த ஒரு ஆள்தான்.
சின்னப் பையன் ஒருவன்
கேக் பெட்டியை வயிற்றோடு அணைத்திருந்தான்.

விட்டேன்.

கடைசிப் படகில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று
ரோஸ்லானைக் கேட்டேன்.
எண்ணுவது என் வேலையா என்றார்.
அவர் வேலை இல்லைதான்.

ஞாயிறு விடியற்காலை கெராச்சுட் கரையில்
கடலிலிருந்து ஏறிய தடம்.
பாதி மணலில் கொண்டை ஊசி போல் ஒரு வளைவு.
அப்படியே கடலுக்கு இறங்கிய தடம்.
குழி இல்லை.
மணலைக் கிளறிப் பார்த்த அடையாளம்கூட இல்லை.
நாடாவை விரித்து அகலம் அளந்தேன்,
பெரிய ஆமை,
வயிறு நிறையச் சுமந்து வந்திருப்பாள்.

வளைவிலிருந்து பத்தடியில்
எரிந்து கறுத்த மத்தாப்புக் கம்பி ஒன்று.

அவர்களுடையதுதானா, தெரியாது.
கூடாரம் போட்டவர்கள் வேறு இருந்தார்கள்.
அந்தப் பக்கம் மீன்பிடிக்க வருகிறவர்களும் உண்டு.
இப்படி நாலு பேரைத் தேடித் தேடி
யோசித்துக்கொண்டே கம்பியைப் பையில் போட்டேன்.

படிவத்தில்
ஏறியது: ஒன்று.
முட்டை: பூஜ்யம்.
குற்றம் என்று ஒரு கட்டம் கிடையாது,
காரணம் என்றுதான் இருக்கிறது.
அதில் 217 என்று எழுதினேன்.
அடித்தேன்.
பக்கத்திலேயே மறுபடி எழுதினேன்.

"ரெண்டு மூணு ராத்திரியில் திரும்ப வருவாள்,
சுமை தாங்காது" என்றார் ரோஸ்லான்,
கயிற்றை அவிழ்த்தபடி.
"இங்கேதான் வருவாள் என்று சொல்ல முடியாது."

பத்து மணிக்கெல்லாம் வாசலில் வரிசை.
நூற்று எண்பத்து மூன்றில் நிறுத்திவிட்டேன்.
கழித்துக்கொள்ளச் சொல்லி
எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.
நூற்று எண்பத்து நாலாவதாக நின்றவள்
தனியாக வந்திருந்தாள்,
தண்ணீர் போத்தலோடு,
சீட்டை நீட்டியபடி.
அவளுக்கு இது எதுவும் தெரியாது.
புதுச் சப்பாத்து.
கயிறு இன்னும் வெள்ளையாக.