பையில் கை விட்டுப் பார்

இரவு இரண்டு பத்து.
காப்பகத் தொலைபேசியில் ஓர் ஆண் குரல்:
"கரடியை இடித்துவிட்டேன்."

பில்லிகா காட்டில் கரடியா?
குடித்துவிட்டு எவனோ கரடி விடுகிறான் என்று
வைத்துவிடப் பார்த்தேன்.
"சாம்பல் நிறம். பெரிய காது. செத்துவிட்டது.
சாலைப் பலகையில் இந்த நம்பர் இருந்தது.
சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான்."

டோரின் பிர்லியா. பருத்திக்கொட்டை லாரி.
ஊர், ருமேனியாவில் ஏதோ மலைப்பக்கம்.

கப்பலில் வந்து இறங்கியவர்கள்
அண்ணாந்து பார்த்தார்கள்.
உருண்டையாய்க் கிளையில் உட்கார்ந்திருந்ததைக்
கரடி என்றார்கள்.
இங்கே அதற்கு ஏற்கெனவே பெயர் இருந்தது;
யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.
வாம்பட்டுக்குத்தான் இது சொந்தம்,
கரடிக்கு எந்த வழியிலும் இல்லை என்று
பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொல்வேன்.
அந்த இரண்டு பத்துக்கு
அத்தனையும் ஒரே வரியாகச் சுருங்கியது:

"அது கரடி இல்லை. பை இருக்கும்.
கை விட்டுப் பார்."

"கரடியை எனக்குத் தெரியும், மேடம்.
பிளம் மரத்தடியில் என் மாமாவின் தலைத்தோலை
ஒன்று உரித்துப் போட்டது.
செத்த மாதிரி கிடந்தால் நம்பாதே என்பார்கள்."

"இது இலையைத் தவிர எதையும் கிழித்ததில்லை.
வயிற்றைத் தடவு.
மேலே தேடாதே, பையின் வாய் கீழே இருக்கும்."

சரளைக்கல்லில் முழங்கால் ஊன்றும் சத்தம்.
"தைலம் மணக்கிறது. சளிக்குத் தேய்ப்போமே, அது."
கொஞ்ச நேரம் கழித்து,
"முன்கையில் கட்டைவிரல் இரண்டு."
அப்புறம்,
"விரல் நுனியில் ரேகை இருக்கிறது.
விசாவுக்கு என்னிடம் எடுத்தார்களே
அந்த மாதிரி."
அப்புறம் அவன் மொழியில் ஒரே ஒரு சொல்.
எனக்கு அந்த மொழி தெரியாது.
எழுந்து விளக்கைப் போட்டேன்.

"இழுக்காதே! வாய் காம்பை விடாது.
தாயோடு சேர்த்துக் கொண்டு வா."

ஐம்பது நிமிடம்.
பனியனோடு வந்து நின்றான்.
சட்டையும் கோட்டும் தாயைச் சுற்றியிருந்தன.
பக்கத்து இருக்கையில் வைத்து
பெல்ட் போட்டிருக்கிறான், செத்ததற்கு.

நூற்றெண்பது கிராம். ஆண்.
யூகலிப்டஸ் இலையின் நஞ்சைத் தாங்க
முதலில் தாயின் குடலிலிருந்து வரும் பசையைத் தின்ன வேண்டும்.
இன்னொருத்தியிடம் கடன் வாங்கினோம்,
மூன்றாம் கூண்டில் கால் உடைந்து கிடந்தவளிடம்.
முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றது.

டோரின் வியாழன்தோறும் கூப்பிடுகிறான்,
பின்னால் லாரி இரைய.
"என் கரடி எப்படி இருக்கிறது?"
"கரடி இல்லை, டோரின்."
"தெரியும்," என்கிறான்.
"கரடியாக இருந்தால்
அன்றைக்கு வண்டியை விட்டே
இறங்கியிருக்க மாட்டேன்."