ஆளுக்கு மூன்று பொட்டு

ஊராட்சியிலிருந்து கடிதம் வந்தது:
இரண்டாயிரத்து ஐம்பதில் நம் ஊர்
எப்படி இருக்க வேண்டும்?
வசிப்பவர் எவரும் வரலாம்.

வாக்காளர் என்று போடவில்லை. வசிப்பவர்.
இரண்டு தரம் வாசித்தேன்.
பிறகு மகனிடம் கொடுத்து
மூன்றாம் தரம் வாசிக்கச் சொன்னேன்.

செவ்வாய் இரவு, எட்டு மணி.
பால் கறந்து முடித்து வந்தவர்களின் சப்பாத்துகள்
மண்டபத்து மரத்தரையில் சாணியால் கோடு கிழித்தன
(நாளை அதைத் துடைக்கப் போவதும் நான்தான்.
அது வேறு கணக்கு).
சுவரில் வரைபடம், என்னிலும் உயரம்.
பேர்ண் நகரிலிருந்து வந்த திட்டக்காரப் பெண்
ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டுத் தந்தாள்:
"எது முக்கியமோ அங்கே ஒட்டுங்கள்."

சிரிப்பு வந்தது எனக்கு.
ஒட்டுப்பொட்டில் முப்பது வருட அனுபவம்.
குளியலறைக் கண்ணாடி ஓரத்தில்
இன்னும் நிற்கின்றன, பசை போனவையும் போகாதவையும்.

ஆம்ஸ்டுட்ஸ் தன் மூன்றையும்
தன் வீட்டுக்குப் பின்னாலுள்ள புல்வெளியில் ஒட்டினான்:
இங்கே எவரும் எதுவும் கட்டக் கூடாது.
அவனோடு ஒன்பது வருடமாய்க் கதைக்காத தம்பி
தன் மூன்றையும் அதே வெளியில் ஒட்டினான்:
இங்கேதான் வீடுகள் வர வேண்டும்.
வரைபடத்துக்கு இதெல்லாம் தெரியாது.
ஆறு பச்சை. அப்படியொரு ஒற்றுமை.

சீஸ் ஆலை லீஸ்பெத் பள்ளிக்கூடத்தில் ஒன்று வைத்தாள்,
பதின்மூன்று பிள்ளைகள்தான் மிச்சம்.
ஊசிக்காது அணிந்த பையன் ஒருவன்
வெறும் பாறை ஒன்றில் மூன்றையும் வைத்தான்.
ஊரிலேயே அங்கேதான் சிக்னல் கிடைக்குமாம்.
எண்பத்தாறு வயது ஃப்ரிட்ஸ் க்னூபெல்
கல்லறைத் தோட்டத்தைத் தேடிப் பிடித்தார்:
"அந்த வருடம் நான் இங்கேதான் இருப்பேன்.
படிக்கட்டுக்குக் கைப்பிடி போடுங்கள்,
எனக்கில்லை, பார்க்க வருபவர்களுக்கு."

மேல்குடியிருப்புக்குக் கடைசி பஸ் ஆறு நாற்பது.
என் வேலை முடிய எட்டு.
மிச்சம் இரண்டு கிலோமீட்டர் பனியும் நானும்.
பஸ் தரிப்பில் ஒன்று ஒட்டினேன்.
பக்கத்தில் இன்னொன்று, முதலாவதுக்குத் துணையாக.
மூன்றாவது விரல் நுனியில் நின்றபோது
அந்தப் பெண் கேட்டாள்:
"அந்த வருடம் நீங்கள் இங்கே இருப்பீர்களா?"
எங்கிருந்து வந்தாய் என்று எத்தனையோ பேர் கேட்டாயிற்று.
இதற்குப் பதில் தயாராய் இல்லை.
மூன்றாவதை ஒட்டினேன்.
எங்கே என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் பின்னேரம் வாளியோடு வந்தால்
தரையில் ஏழு பொட்டு.
ஹீட்டர் சூட்டில் பசை விட்டிருக்கிறது.
மட்டமான சாமான், நானே சொல்லியிருப்பேன்.
ஒன்றில் சாணி. ஒன்றில் நாய் மயிர்.
எது எங்கிருந்து விழுந்ததென்று தடயமே இல்லை.

மண்டபத்தில் எவருமில்லை.
பஸ் தரிப்பு சரியாக என் கண் உயரத்தில்.
ஏழும் அங்கே போனால் ஒன்பது,
புல்வெளியின் ஆறை வென்றுவிடும்.
மூன்று நிமிடம் நின்றேன், பொய் சொல்வானேன், ஐந்து.
பிறகு பழைய கடித உறையொன்றில் போட்டு
வெளியே எழுதினேன்:
ஏழு. தரையில் கிடந்தவை. இடம் தெரியாது.

பங்குனியில் மறுபடி கூட்டம்.
அவள் உறையை மேசையில் கவிழ்த்தாள்.
"இவை யாருடையவை?"
பதினொரு கை உயர்ந்தது,
என் கையையும் சேர்த்து.

ஆம்ஸ்டுட்ஸ் தம்பியைப் பார்த்தான்.
தம்பி கூரையைப் பார்த்தான்.
யாரோ இருமினார்கள்.
அவள் அறிக்கையை மூடி வைத்துவிட்டு
"சரி, பொட்டு வேண்டாம், வாயால் சொல்லுங்கள்.
கதிரைகளை வட்டமாகப் போடுவோமா?" என்றாள்.

கதிரைகள் எந்த அறையில் அடுக்கியிருக்கின்றன,
எதற்குக் கால் ஆடும்,
கதவை எப்படித் தூக்கித் திறக்க வேண்டும்,
எல்லாம் எனக்குத் தெரியும்.

நான் எழும்பவில்லை.