பதினேழாம் பெட்டி

மூடியைத் தூக்கியதும் தெரிந்துவிட்டது.
மற்றப் பெட்டிகளில் காது வைத்தால்
பக்கத்து அறை ஏசி போல ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.
இதில் ருஸ்தாக் மலை மட்டும்.

செங்குளவி, என்றான் மொஃபிசுல்,
வாசலில் கிடந்த தலையில்லாத உடல்களைக்
குச்சியால் ஒதுக்கியபடி.
நாற்பது இருக்கும், ஐம்பது இருக்கும்.
மீதி சாகவில்லை, போய்விட்டன.
எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு,
ராணி முன்னால் போனாளா, கடைசியில் போனாளா,
பதினாறைக் கேட்டுப் பயனில்லை.

அரபாப் போனில் சொன்னார்: எரித்துவிடு.
இருமிவிட்டு, தேன் இருந்தால்
எடுத்துவிட்டு எரி.

ஓரத்துச் சட்டங்கள் இரண்டும் கனம்.
வெள்ளை மெழுகு பூசி, ஒரு கண் திறக்காமல்.
சித்ர் தேன். இலந்தைதான்,
அரபியில் சொன்னால் கிலோ என் பாதிச் சம்பளம்.
அடுத்த மூன்றில் அந்துப்புழு நுழைந்து
நூல் இழுத்து, சுரங்கம் வெட்டி,
தன் கழிவைத் தோரணம் கட்டியிருந்தது.
அவை உருக்கும் பானைக்கு.
நடுச் சட்டம் கறுப்பு. மூக்கருகில் வைத்துப் பார்த்தேன்.
அழுகல் வாடை வந்தால்
ஒரு சொட்டும் தொடாமல் குழி தோண்ட வேண்டும்.
வரவில்லை.

முன்பும் ஒரு தடவை
இப்படிப் பொறுக்கியிருக்கிறேன்.
சோஹாரில் கம்பெனி பூட்டிய வாரம்,
நானூறு பேர் இருந்த கேம்ப்பில்.
கதவைக் கழற்றினான் ஒருவன்.
மெத்தைகளை லாரியில் ஏற்றினான் ஒருவன்.
எட்டு மாதச் சம்பளத்துக்கு
எனக்கு ஒரு குக்கர் கிடைத்தது, விசில் இல்லாமல்.
இன்றும் அதில்தான் பருப்பு,
வேக ஒன்றரை மணி நேரம்.

அடை வெட்டி, துணியில் கட்டித் தொங்கவிட்டோம்.
துணி மொஃபிசுலின் லுங்கி,
இரண்டு தடவை கொதிக்க வைத்தது என்று
சத்தியம் செய்தான்.
பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கும்.
அது தன் பாட்டுக்கு இறங்கட்டும்.

நடுச் சட்டத்தில் கத்தியை வைத்தபோது
ஒரு மூடி அசைந்தது.
புழு என்றுதான் நினைத்தேன்.
உள்ளிருந்து விளிம்பை யாரோ
மெல்ல, வட்டமாக,
டப்பா திறப்பது போலக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஈரத் தலை. சாம்பல் மயிர்.
வெளியே வந்தாள், தள்ளாடினாள்,
திரும்பி, தான் பிறந்த அறைக்குள்ளேயே
தலையை விட்டுச்
சுத்தம் செய்யத் தொடங்கினாள்.

எல்லோரும் போய்விட்டார்கள் என்று
எந்தப் பாஷையில் சொல்வது.

கத்தியைக் கீழே வைத்தேன்.
அஸர் பாங்குக்குள் பதினொன்று பிறந்தன.
தேநீர் கிளாஸில் சேர்த்துப்
பதினாறின் வாசலுக்குக் கொண்டுபோனோம்.
காவல் கொன்றுவிடும், என்றேன்.
இல்லை, என்றான் தன் உடைந்த இந்தியில்:
பிறந்த அன்றைக்கு வாசனை ஏறாது.
எந்தப் பெட்டியும் சேர்த்துக்கொள்ளும்.
மூன்று நாள் போனால் பேப்பர் கேட்பார்கள்.

காவல்காரி ஒருத்தி வந்து
கொம்பால் தடவித் தடவிப் பார்த்தாள்.
நான் பத்தாகாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்,
சட்டைப் பையில், காரணமில்லாமல்.
விலகி நின்றாள்.
ஒன்பது உள்ளே போயின.
ஒன்று பலகையிலேயே நின்று காய்ந்தது.
இன்னொன்று கிளாஸின் அடியில் ஒட்டியிருந்ததை
இரவில் கழுவும்போதுதான் பார்த்தேன்.

தேன் மூன்றரைக் கிலோ.
மூன்று என்றேன் அரபாப்பிடம்.
மெழுகு ஒரு தேங்காய் அளவு.
பெட்டியை எரிக்கவில்லை.
உட்புறம் மட்டும் தீயைக் காட்டிக்
கவிழ்த்து வைத்திருக்கிறோம் வெயிலில்,
எண் தலைகீழாக.